ஆறு மாத்திரை

ஜூலை 3, திங்கள்

காலையில் மகள் சுபியை எழுப்பப் போனால் இரண்டு கண்ணும் வீங்கி இடுங்கிக் கிடக்கின்றன. தூக்கம் அதிகமாகிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு டீ போடப் போனேன். டீ கொதிப்பதற்குள் திரும்பி வந்து அவள் கணுக்காலைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். குழி விழுந்தது. விரலை எடுத்த பிறகும் அந்தக் குழி அப்படியே நின்றது.

முதல் சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் பிடித்து, டாக்டர் கொடுத்த சொட்டு மருந்தை விட்டேன். பதினோரு மாசமாகத் தெளிந்த தண்ணீராக இருந்தது இன்றைக்குத் தயிராகத் திரிந்துவிட்டது. குழாய்க்குப் பின்னால் காலண்டர் தாளைப் பிடித்தால் ஒரு எழுத்தும் தெரியவில்லை. டாக்டர் சொல்லிக்கொடுத்த கணக்கில் இது மூன்று பிளஸ்.

திரும்ப வந்துவிட்டது சனியன். போன வருஷம் நாலு மாசம் மாத்திரையும் கையுமாக எங்களை ஆட்டிவைத்தது போதாதாம்.

இதை ஜாக்கெட் அளவு எழுதும் நோட்டின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். டாக்டரிடம் காட்டும் நோட்டு வேறு. அதில் தேதி, சிறுநீர், எடை, மாத்திரை என்று கட்டம் போட்டிருக்கும், ஒரு வார்த்தைக்கு மேல் இடம் கிடையாது. எனக்கு அது பத்தாது. பேசலாம் என்றால் வீட்டுக்காரர் லாரியில் நாக்பூர் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறார். தையல் மெஷினிடமா பேச முடியும்?

ஜூலை 5, புதன்

அருப்புக்கோட்டையிலிருந்து மதுரைக்கு பஸ், அங்கே மூன்று மணி நேரம் காத்திருப்பு. ரத்தத்தில் அல்புமின் ஒன்று புள்ளி ஆறுதானாம். மூன்றரைக்கு மேல் இருக்க வேண்டும். போன வருஷம் சொன்னதையே டாக்டரம்மா மறுபடியும் சொன்னார்கள். ரத்தத்தில் இருக்கும் தண்ணீரைக் குழாய்க்குள் பிடித்து வைப்பதே அந்தப் புரதம்தான். சுபியின் சிறுநீரகத்தில் சல்லடை பழுதாகி, புரதம் முழுவதும் சிறுநீரில் போய்விடுகிறது. பிடித்து வைக்க ஆளில்லாமல் தண்ணீர் வெளியே கசிந்து, கண்ணிலும் காலிலும் வயிற்றிலும் தேங்குகிறது.

"தினம் நாலு முட்டை குடுத்தா ஏறிராதா டாக்டர்?" என்று கேட்டேன்.

"ஓட்டைப் பானையில ஊத்திக்கிட்டே இருந்தா நிக்குமாம்மா? ஓட்டையத்தான் அடைக்கணும். அதுக்குத்தான் மாத்திரை. காலையில சாப்பிட்டதும் ஆறு, ஒண்ணாப் போடணும். மூணு நாள் சேர்ந்தாப்புல சிறுநீர் தெளிவா வர்ற வரைக்கும் ஆறுல ஒண்ணுகூடக் குறையக் கூடாது. நீங்களா நிறுத்தவும் கூடாது. போன தடவ பன்னெண்டு நாள்ல தெளிஞ்சிருச்சுல்ல?"

"முகம் உப்பிரும்ல டாக்டர்?"

"உப்பும். மாத்திரையக் குறைச்சா வத்திரும்."

அவ்வளவு சுலபமாகச் சொல்கிறார்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளையாக இருந்தால் தெரியும்.

ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் கூடாது. உப்பு பாதிதான். எடை 38.4.

ஜூலை 9, ஞாயிறு

சுபி பெரிய மனுஷியாகிவிட்டாள். பதிமூன்று வயசு. உடம்பு இருக்கும் நிலையில் இது இப்போது வந்திருக்க வேண்டுமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. பிறகு அழுதுவிட்டேன், சந்தோஷத்தில்தான்.

மத்தியானத்துக்குள் தம்பி பாண்டிச்செல்வம் தென்னங்கீற்றோடு வந்து வாசலில் அவள் தனியாக உட்காரக் குச்சில் கட்டிவிட்டான். தாய்மாமன் என்றால் அவனுக்கு இறக்கை முளைத்துவிடும். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஃப்ளெக்ஸ் பேனர் அடிக்கும் கடை வைத்திருக்கிறான். ஊரில் யார் செத்தாலும் யார் சமைந்தாலும் அவன் கையால்தான் பேனர்.

"ஆடியில வைக்கக் கூடாதுக்கா. ஆவணி மூணு, ஞாயித்துக்கெழம. மண்டபம் பேசிட்டேன். முக்கு ரோட்டுல இருபது அடிக்கு பேனர் போடுறேன். என் மருமக மூஞ்சிய அருப்புக்கோட்டையே அண்ணாந்து பாக்கணும்" என்றான்.

பச்சை முட்டை, நல்லெண்ணெய், உளுந்தங்களி என்று சொந்தக்காரிகள் கொண்டுவந்து குவித்துவிட்டார்கள். பெண்ணுக்கு என்ன, கால் இப்படி மினுங்குகிறதே என்று ஒருத்தி கேட்டாள். சமைந்த உடம்பில் நீர் ஏறும் என்று சொல்லி வைத்தேன்.

சொந்தத்தில் ஒருவருக்கும் சுபியின் நோய் தெரியாது. போன வருஷம் டைபாய்டு என்று சொன்னோம். சொன்னேன். அவருக்கு அதில் இஷ்டமில்லை. ஆம்பளைக்கு என்ன? சிறுநீரகம் என்று ஒரு வார்த்தை வெளியே போனால் நாளைக்கு இவளை எவன் வீட்டில் கேட்பான்?

மாத்திரை ஆறு கொடுத்தேன்.

ஜூலை 13, வியாழன்

பாண்டி செல்போனில் பேனர் மாதிரி காட்டினான். ரோஜாப்பூ, மயில், நடுவில் சுபி. போன வருஷம் ஒரு கல்யாணத்தில் எடுத்த போட்டோவைப் போட்டிருந்தான். மாத்திரை சாப்பிட்ட காலத்து முகம். கன்னம் இரண்டும் பிதுங்கி, கழுத்தே இல்லாமல், மேலுதட்டில் பூனைமுடி.

"இதுல ஏங்க்கா பிள்ள இப்படி இருக்கா? எடிட் பண்ணிருவேன், அது பிரச்சன இல்ல. ஆனா அன்னைக்கு சனம் நேர்ல பாக்குமே" என்றான்.

அந்தக் கல்யாணத்தில்தான் ஒரு பெரிய மனுஷி இவள் கன்னத்தைக் கிள்ளி, "எந்தக் கடைப் பன்னுடி இது?" என்றாள். பந்தியே சிரித்தது. சுபி கக்கூஸுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் வரவில்லை. அவளைவிட எனக்குத்தான் வலித்தது.

இன்று இரண்டு பிளஸ். கொஞ்சம் இறங்கியிருக்கிறது.

ஜூலை 15, சனி

சுபி வயிறு எரிகிறது என்றாள். ஆறு மாத்திரை என்றால் பெரிய ஆளுக்கே எரியும். இன்றைக்கு இரண்டு மட்டும் கொடுத்தேன்.

நோட்டில் ஆறு என்றுதான் எழுதினேன். ஒரு நாள் விஷயத்துக்கு டாக்டரம்மாவை எதற்குப் பதறவைக்க வேண்டும்?

ஜூலை 16, ஞாயிறு

இரண்டு.

ஜூலை 18, செவ்வாய்

மறுபடி மூன்று பிளஸ். எடை 39.1. சிறுநீர் விஷயத்தில் நான் ஒரு நாளும் பொய் எழுதியதில்லை. தயிர் என்றால் தயிர் என்றுதான் எழுதுகிறேன்.

ஜூலை 21, வெள்ளி

கையில் இரண்டை வைத்ததும் சுபி கேட்டாள். "ஆறுல்லம்மா?"

"டாக்டர் கொறைக்கச் சொல்லிட்டாங்க."

"எப்ப?"

"போன்ல. நீ குளிச்சிக்கிட்டிருக்கைல."

என் முகத்தையே பார்த்தாள். "இன்னும் திரிஞ்சுதானம்மா வருது."

"விசேஷம் முடிஞ்சதும் முழுசாக் குடுக்குறேன்டி. இன்னும் ஒரு மாசந்தான். அன்னைக்கு ஒன்னைய எவளும் கன்னத்தக் கிள்ளக் கூடாது. அப்பாட்ட சொல்லிராத, வண்டி ஓட்டுற மனுஷன்."

இரண்டையும் முழுங்கினாள்.

எதிர்வீட்டு ரெஜினா சொன்னாள் என்று நாட்டு மருந்துக் கடையில் நெருஞ்சில் வாங்கிக் கஷாயம் வைத்துக் கொடுக்கிறேன். நீர் வீக்கத்துக்குக் கைகண்டதாம். மருந்தே கொடுக்காமல் இருக்கிறேன் என்று யாரும் சொல்ல முடியாது. மிச்ச மாத்திரைகளையும் தூக்கிப் போடவில்லை, ஊக்கு டப்பாவில் பத்திரமாக இருக்கின்றன.

ஜூலை 27, வியாழன்

கன்னம் உப்பவில்லை. கண் மட்டும் காலையில் வீங்குகிறது, பத்து மணிக்கு மேல் வத்திவிடுகிறது. கால்தான் இரண்டும் தூணாக இருக்கின்றன. கால் பாவாடைக்குள் இருக்கும், யார் பார்க்கப் போகிறார்கள்?

மூன்று பிளஸ். 40.3.

ஆகஸ்ட் 2, புதன்

மதுரை. டாக்டரம்மா நோட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்கள். அவர்கள் நெற்றி சுருங்கியதை நான் பார்க்கவில்லை என்று வைத்துக்கொள்ள முடியாது.

"நாலு வாரம் முழு மருந்து. போன தடவ அவ்வளவு சீக்கிரம் கேட்ட பிள்ள. ஒரு நாளாவது விட்டுப்போச்சாம்மா? வாந்தி கீந்தி எடுத்தாளா?"

"இல்ல டாக்டர். எல்லாம் நோட்டுல இருக்கு."

"இன்னும் ரெண்டு வாரம் இப்படியே பாப்போம். அப்பவும் கேக்கலேன்னா இந்த மருந்துக்கு இவ உடம்பு அடங்கலன்னு அர்த்தம். முதுகுல ஊசி விட்டு சிறுநீரகத்துல ஒரு துணுக்கு எடுத்துப் பாக்கணும். அப்புறம் வேற மருந்துக்குப் போகணும்."

சுபி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தும் வெளியே பார்க்கவில்லை. இரண்டு வாரம் என்றால் பதினாறாம் தேதி. விசேஷம் இருபது. நாலு நாள் தள்ளிப் போட்டால் முடிந்தது. இருபத்தொன்றிலிருந்து ஆறும் கொடுத்துவிடுவேன்.

ஆகஸ்ட் 7, திங்கள்

சுபிக்குப் பட்டுப்பாவாடை ஜாக்கெட்டை நானே தைக்கிறேன். ஜூலையில் இடுப்பு இருபத்தைந்து. இன்றைக்கு டேப் வைத்தால் இருபத்தொன்பதரை. வயிறு பானையாகத் திரண்டு, தட்டினால் தண்ணீர் அலையடிக்கிறது. உள்தையலில் ஒரு இஞ்ச் விடுவது வழக்கம், நாலரை இஞ்சுக்கு நான் எங்கே போவேன்? முதுகை வெட்டித் திறந்து நாடா வைத்துவிட்டேன்.

முகமும் இப்போது நாள் முழுக்க வீங்கித்தான் இருக்கிறது. இது வேறு வீக்கம். பன்னு மாதிரி இல்லை.

ஆகஸ்ட் 10, வியாழன்

அவர் வந்துவிட்டார். விசேஷம் முடியும்வரை லாரி லைன் போகவில்லை என்று முதலாளியிடம் சொல்லிவிட்டாராம். மகளைப் பார்த்ததும் கையிலிருந்த பையைக் கீழே வைக்கக்கூட மறந்து நின்றார்.

"என்ன வடிவு இது? மாத்திர ஒழுங்காக் குடுக்குறியா?"

"நோட்டப் பாருங்க."

பார்த்தார். ஆறு, ஆறு, ஆறு என்று வரிசையாக இறங்கியிருந்த கட்டத்தில் விரலை ஓட்டிக்கொண்டே போனார். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர். எழுத்தில் இருந்தால் அது உண்மை என்று நினைக்கிற ஆள். "பின்ன ஏன் பிள்ள இப்படி ஊதிப்போறா?" என்று என்னிடமே கேட்டார்.

எனக்கு எரிச்சலாக வந்தது. மாசத்தில் நாலு நாள் வீட்டில் இருப்பவருக்குக் கேள்வி கேட்க மட்டும் தெரிகிறது.

ஆகஸ்ட் 11, வெள்ளி

பாண்டி போட்டோ எடுத்தான். கொஞ்சம் எடிட் பண்ணிக்கொள்கிறேன் என்றான்.

ஆகஸ்ட் 14, திங்கள்

காலையில் காய்ச்சல். வயிற்றில் விரல் பட்டாலே அலறுகிறாள். அவர் பக்கத்துத் தெருக் காரைப் பிடித்து மதுரைக்கு விரட்டச் சொன்னார். வழியெல்லாம் பச்சையாக வாந்தி.

வயிற்றில் தேங்கிய தண்ணீரில் கிருமி பிடித்துவிட்டதாம். புரதம் போகும்போது கிருமியை எதிர்க்கிற சத்தும் சேர்ந்து வெளியே போய்விடுமாம். அல்புமின் ஒன்று புள்ளி இரண்டு. இன்னும் ஒரு நாள் வீட்டில் வைத்திருந்தால் என்று ஆரம்பித்த சின்ன டாக்டர் என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

ஆகஸ்ட் 16, புதன்

காய்ச்சல் கொஞ்சம் மட்டுப்பட்டிருக்கிறது. அல்புமின் பாட்டில் ஏற்றுகிறார்கள், தேன் நிறத்தில் இருக்கிறது. பின்னாலேயே நீர் பிரிய ஊசி. அதில் இரண்டு லிட்டர் போனது. மாத்திரை ஆறையும் நர்ஸே கொடுத்து, முழுங்கும்வரை பக்கத்தில் நிற்கிறாள்.

அடுத்த கட்டிலில் இரண்டு வயசுக் குழந்தை. அதற்கும் கால் வீக்கம், ஆனால் சிறுநீரகத்தில் பழுதில்லையாம். மாசக்கணக்கில் வெறும் கஞ்சித்தண்ணீர் தவிர ஒன்றும் உள்ளே போகவில்லை. அதே வீக்கம்தான், அதற்குச் சோறில்லாமல் வந்திருக்கிறது. அந்தத் தாயைப் பார்த்து, பிள்ளையை இப்படியா விடுவாள் ஒருத்தி என்று நினைத்தேன். நினைத்தது நினைத்ததுதான், எழுதிவிட்டேன்.

சாயங்காலம் டாக்டரம்மா எங்கள் இருவரையும் கூப்பிட்டார்கள். ஆறு வாரம் முழு மருந்துக்கும் கேட்கவில்லை, இருபத்திரண்டாம் தேதி முதுகில் ஊசி. பிறகு வேறு மருந்து, இரண்டு வருஷமாவது. "கொஞ்சம் கடுமையான மருந்துதான். ரொம்ப நாள் குடுத்தா சிறுநீரகத்தையே பாதிக்கலாம். வேற வழியில்ல."

சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் அவர் ஊசிக்கான சம்மதத் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டார். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம்.

ஆகஸ்ட் 17, வியாழன்

டாக்டரம்மா அவசரத்தில் இருந்தார்கள்.

ஆகஸ்ட் 18, வெள்ளி

இன்றும்.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

இன்றைக்குத்தான் விசேஷம் நடந்திருக்க வேண்டும். பத்தரை மணிக்கு வார்டில் சுபிக்கு ரத்தம் எடுத்தார்கள்.

பாண்டி சீர்ப்புடவையைப் பையில் சுற்றிக்கொண்டு வந்தான். மண்டபத்துக்கு வந்த சனத்தைத் திருப்பி அனுப்பி அவனுக்குத் தொண்டை கட்டிவிட்டது. "எல்லாரும் பிள்ளைக்கு என்னன்னு கேக்குறாங்க. நான் என்னன்னு சொல்ல?"

"டைபாய்டுன்னு சொல்லு."

"மறுபடியுமா?" என்றான். கட்டிலில் கிடந்த பிள்ளையையும் குழாய்களையும் பார்த்தான். "எனக்காவது உண்மையச் சொல்லியிருக்கலாம்லக்கா. நானா பிள்ளையத் தள்ளி வைக்கப் போறேன்? மண்டபமும் வேணாம் மண்ணும் வேணாம்னிருப்பேன்."

இப்போது சொல்கிறான். முகம் ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்டவன் இவன்தான். ஆனால் புடவையைச் சுபியின் காலடியில் வைத்துவிட்டு அவன் குலுங்கிக் குலுங்கி அழுததைப் பார்த்துத் தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினேன்.

ஆகஸ்ட் 21, திங்கள்

காலையில் டாக்டரம்மா கேஸ் தாளை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார்கள். ஒரு பிளஸ்.

"ஆறு வாரமா அசையாதது ஒரே வாரத்துல எப்படி இறங்குது? வீட்ல குடுத்த அதே ஆறத்தான நாங்களும் குடுக்குறோம்?"

நான் ஜன்னலைப் பார்த்தேன். அவர் நோட்டை எடுத்து நீட்டினார், பாவம், "எல்லாம் இதுல எழுதியிருக்கு டாக்டர்" என்று.

"வீட்ல ரெண்டுதான் டாக்டர்" என்றாள் சுபி.

டாக்டரம்மா கேஸ் தாளிலிருந்து நிமிர்ந்து அவளைப் பார்த்தார்கள்.

"இந்த மருந்து எனக்குக் கேக்கும். குடுத்தாக் கேக்கும். நாளைக்கு ஊசி வேணாம் டாக்டர்." பிறகு என்னைப் பார்த்துவிட்டு அவசரமாகச் சொன்னாள். "அம்மா மேல தப்பில்ல. நாந்தான் முகம் உப்பும், வேணாம்னு அழுதேன்."

அவள் அழவில்லை. ஒரு நாளும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆறுல்லம்மா என்று கேட்டவள் அவள்தான். இந்த நோட்டில் இது ஒன்றையாவது உள்ளபடி எழுதிவைக்கிறேன்.

டாக்டரம்மா கத்துவார்கள் என்று நினைத்தேன். கத்தவில்லை. "இத நம்பி நாளைக்கு இந்தப் பிள்ள முதுகுல குத்தியிருப்பேன்மா. தேவையே இல்லாத மருந்த ரெண்டு வருஷம் குடுத்திருப்பேன்" என்றார்கள். மாத்திரைக் கட்டத்தின் மேலிருந்து கீழ்வரை ஒரே கோடாகக் கிழித்துவிட்டு நோட்டை என் மடியில் வைத்தார்கள்.

நானே சொல்லியிருப்பேன். இன்று மத்தியானம் சொல்லலாம் என்றுதான் இருந்தேன்.

அவர் வெளியே போனவர் சாயங்காலம்தான் வந்தார். "என் விரலப் பிடிச்சு அந்தக் கட்டத்துல ஓட வச்சியேடி" என்றார். பிறகு சுபியின் கட்டிலுக்கு மறுபக்கம் போய் உட்கார்ந்துகொண்டார்.

ஆகஸ்ட் 25, வெள்ளி

சிறுநீர் தெளிந்துவிட்டது. குழாய்க்குப் பின்னால் பேப்பரின் பொடி எழுத்துகூடத் தெரிகிறது. எடை 37. கால் எலும்பு வெளியே தெரிகிறது, கன்னம் உருள ஆரம்பித்திருக்கிறது.

சுபி நர்ஸின் செல்போன் கண்ணாடியில் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். "நல்லாத்தான் இருக்கேன்" என்று நர்ஸிடம் சொல்வது கேட்டது.

ஆகஸ்ட் 29, செவ்வாய்

வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார்கள். அவருக்கு நாளைக்கு லைன், முதலாளி இனிமேல் பொறுக்க மாட்டார். பில் கட்டக் கீழே போயிருந்தார். நர்ஸ் ஒரு தாளை வைத்துக்கொண்டு உப்பு, முட்டை, அடுத்த தேதி எல்லாம் சொல்லி முடித்துவிட்டுக் கேட்டாள். "வீட்ல மாத்திர யார் குடுப்பா? பேர் எழுதணும்."

"நான்தான்" என்று சொல்ல எழுந்தேன்.

"நானே போட்டுக்குவேன் சிஸ்டர்" என்றாள் சுபி.

"நீ சின்னப் பிள்ள. பெரியவங்க ஒருத்தர் பேரு வேணும்மா."

"அப்பா தினம் போன்ல கேட்டுக்குவாங்க. அவங்க பேர எழுதுங்க. அம்மா பேரு வேணாம்."

குரலில் கோபமே இல்லை. கடையில் எனக்கு இந்த நிறம் வேண்டாம் என்பாளே, அப்படித்தான் சொன்னாள். நர்ஸ் என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு, தாளில் கதிரேசன் என்று எழுதினாள்.

இவ்வளவையும் சுபி என் கையைப் பிடித்துக்கொண்டேதான் சொன்னாள். இத்தனை நாள் படுத்துக் கிடந்ததில் அவள் காலில் இன்னும் பலம் வரவில்லை. கீழே இறங்க நாற்பது படி இருந்தது.